பெயர் மறைத்த போர்

தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார் நன்னூலார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. மங்கலமல்லாததை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒன்றன் பெயரை மாற்றி வழங்குவது மூன்றாவது. அரபு அணியிலக்கணத்திலும் இவற்றுக்கு நெருங்கிய சுற்றம் உண்டு. நேரே கூறாது குறிப்பால் உணர்த்துவதைக் ‘கினாயா’ என்றும், கேட்போருக்கு அருகிலுள்ள பொருளைக் காட்டிவிட்டுச் சொல்வோர் தொலைவிலுள்ள பொருளைக் கருதிக்கொள்வதைத் ‘தவ்ரியா’ என்றும் நம் ஆசிரியப் பெருமக்கள் கற்பித்தனர். வகுப்பறையில் இவையெல்லாம் மொழியின் நாகரிகங்களாகவே நமக்கு அறிமுகமாயின. செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதால் யாருக்கு என்ன கேடு விளைந்துவிடும்?

இவற்றையே ஒரு பேரரசு தன் ஆயுதச் சாலையில் சேர்த்துக்கொண்டால் கேடு விளையும். 1931 முதல் 1945 வரை ஜப்பானிய அரசு வெளியிட்ட பிரகடனங்களையும் அறிக்கைகளையும் இலக்கியம் என்று ஒப்புக்கொள்வார் எவரும் இலர். ஆயினும் அவை சொற்களால் ஆனவை. பலர் கூடியிருந்து ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதியவை. மொழிபெயர்ப்பு வழியாகப் படிக்கும் நமக்கே அந்த உழைப்புத் தெரிகிறது. ஆகவே திறனாய்வாளனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஒரு நாட்டின் நிலவேட்கை எவ்வாறு பசிபிக் பெருங்கடல் முழுவதையும் பற்றி எரிந்த போராயிற்று என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர் எண்ணெயையும் இரும்பையும் காட்டி விடை கூறுவர். அவ்விடை சரியானதே. அதனோடு சொற்களையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. போர் என்ற பெயர் மறுக்கப்பட்ட ஒரு போரை நிறுத்தும் வழி, அதைத் தொடங்கியவர்களுக்கே அடைபட்டுப் போயிற்று.

முதலில் ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானின் முதல் நாடாளுமன்றம் 1890ஆம் ஆண்டு கூடியபோது, பிரதமர் யமகாட்டா அரிடோமோ இரண்டு கோடுகளைக் குறித்துப் பேசினார். ஒன்று இறையாண்மைக் கோடு, அதாவது நாட்டின் எல்லை. மற்றொன்று நலக் கோடு, அதாவது அந்த எல்லையின் பாதுகாப்போடு நெருங்கிய தொடர்புடைய அயல்நிலம். அன்று அவர் மனத்தில் இருந்தது கொரியா. முதற்கோட்டை நில அளவைக்காரர் சங்கிலி பிடித்து அளந்துவிடலாம். இரண்டாவது கோடு உருவகம். அதற்குச் சங்கிலி இல்லை. 1910இல் கொரியா விழுங்கப்பட்டதும் இறையாண்மைக் கோடு யாலு ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. உடனே நலக் கோடும் தன் இடத்தைவிட்டு எழுந்து மஞ்சூரியாவுக்குள் சென்று அமர்ந்தது. 1931 ஜனவரியில் மட்சுவோக்கா யோசுகே நாடாளுமன்றத்தில் மஞ்சூரியாவையும் மங்கோலியாவையும் ஜப்பானின் உயிர்நாடி என்றார். நலமாக இருந்தது நாற்பது ஆண்டுகளில் உயிராகிவிட்டது. அரபு அணிநூலார் ‘முபாலகா’ என்று கூறும் உயர்வு நவிற்சிக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை. நலம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; உயிரை யார் விட்டுக்கொடுப்பார்?

ஜப்பானியரின் குறைகள் யாவும் கற்பனை என்று நாம் சொல்லவரவில்லை. 1895இல் சீனத்தை வென்று ஷிமோனோசெகி உடன்படிக்கையால் பெற்ற லியாவோதுங் தீபகற்பத்தை, ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து மிரட்டித் திருப்பிக் கொடுக்கச் செய்தன. சில ஆண்டுகளில் அதே நிலத்தில் ரஷ்யாவே குடியேறியது. 1919இல் பாரிஸ் மாநாட்டில் இன சமத்துவ வாசகம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் இசைந்தும், ஒருமித்த இசைவு வேண்டும் என்று கூறித் தலைமை வகித்த வில்சன் அதைத் தள்ளிவிட்டார். 1924இல் அமெரிக்கா ஜப்பானியக் குடியேற்றத்துக்குக் கதவை முற்றாக அடைத்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்து பட்டின் விலை வீழ்ந்தபோது, வடகிழக்கு ஜப்பானில் உழவர்கள் பெண்மக்களை விற்கும் நிலைக்கு வந்தனர். இவை யாவும் மெய். இந்த மெய்களின்மேல்தான் அந்தப் பொய்ச்சொற்கள் கட்டப்பட்டன. அதனால்தான் அவை நெடுநாள் நின்றன.

அவற்றை நம்பியவர்கள் ஜப்பானியர் மட்டுமா? 1904, 1905ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவோடு ஜப்பான் பொருதபோது ஆசியா முழுவதும் மகிழ்ந்தது. எகிப்தில் முஸ்தபா காமில் ‘அஷ்ஷம்ஸுல் முஷ்ரிகா’ என்ற நூலை, உதயசூரியன் என்னும் பொருள்பட, 1904இல் வெளியிட்டார். அதே காலத்தில் கவிஞர் ஹாஃபிழ் இப்ராஹீம், போர்முனைக்குச் செல்லும் ஜப்பானிய நங்கை ஒருத்தியைப் பாடினார். ஆங்கிலேயர் பிடியில் கிடந்த நாட்டின் புலவர், தம் மக்களை நாணச் செய்யவே அந்த நங்கையைப் படைத்தார் என்பது அக்கவிதையைப் படிப்போர்க்கு விளங்கும். அதை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் த்ஸுஷிமா கடற்போரில் ரஷ்யக் கப்பற்படை மூழ்கிய 1905ஆம் ஆண்டிலேயே, நவம்பர் மாதம், சியோல் அரண்மனையைப் படைவீரர் சூழ்ந்து நிற்க, கொரியா ‘காப்பரசு’ ஆக்கப்பட்டது. ஆங்கிலேயர் எகிப்திலே செய்ததையே ஜப்பானியர் கொரியாவிலே செய்தனர். கெய்ரோவில் உதித்த சூரியன் சியோலில் சுட்டெரித்ததை நம் கிழக்கத்திய ஆர்வலர்களில் மிகச் சிலரே அன்று கண்டுகொண்டனர்.

இனிச் ‘சம்பவம்’ என்ற சொல்லுக்கு வருவோம்.

1928 ஜூன் 4ஆம் நாள் மஞ்சூரியத் தலைவர் ஜாங் ஜோலின் பயணம் செய்த இரயிலை, அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த குவாந்துங் சேனையின் அதிகாரிகள் வெடிவைத்துத் தகர்த்தனர். அவர் இறந்தார். டோக்கியோவுக்கு உண்மை தெரிந்தது. ஜப்பானியச் செய்தித்தாள்களில் அந்தக் கொலைக்கு வழங்கப்பட்ட பெயர், ‘மஞ்சூரியாவில் நடந்த ஒரு முக்கியமான சம்பவம்’ என்பது. கொன்றவர் இல்லை, கொல்லப்பட்டவர் இல்லை, கொலையும் இல்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றையும் விழுங்கிவிட்டு நிற்கும் இத்தகைய தொடரை எந்த இலக்கண ஆசிரியரும் தம் மாணவனுக்குக் காட்டியிருக்க மாட்டார். இந்த விவகாரத்தில் டனாகா அமைச்சரவை 1929இல் வீழ்ந்தது. வெடிவைத்தவர் எவரும் தூக்கிலேறவில்லை. படைமுகாம்களில் இருந்த இளம் அதிகாரிகள் இதிலிருந்து பாடம் கற்றனர்: செயலை நாம் செய்துவிட்டால், அதற்கொரு பெயரைத் தலைநகரம் தேடிக்கொள்ளும்.

1931 செப்டம்பர் 18ஆம் நாள் இரவு, ஷென்யாங் நகருக்கு அருகே லியுதியாவோஹு என்னுமிடத்தில் தென் மஞ்சூரிய இரயில்பாதையில் ஒரு வெடி வெடித்தது. இஷிவாரா கன்ஜி, இடகாகி சேய்ஷிரோ ஆகிய இரு அதிகாரிகள் வகுத்த திட்டம் அது. தண்டவாளத்துக்கு நேர்ந்த சேதம் எவ்வளவு என்றால், சற்று நேரத்தில் வந்த இரயில் அதன்மேலேயே ஓடிக் கடந்து சென்றது. சீனர் வைத்த வெடி என்று கூறி அன்றிரவே படையெடுப்புத் தொடங்கிற்று. சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதும் கைக்கு வந்தது. 1932 மார்ச்சில் ‘மஞ்சுகுவோ’ என்ற நாடு பிறந்தது; அரியணை இழந்திருந்த சீனப் பேரரசர் பூ யீ அதற்குத் தலைவரானார். இத்தனைக்கும் இட்ட பெயர் ‘மஞ்சூரியச் சம்பவம்’. ஜப்பானிய மொழியில் ‘ஜிஹென்’. கலகத்தினும் பெரியது, போரினும் சிறியது என்று தோன்றச் செய்யும் சொல்.

நாட்டுக்கூட்டு நாடுகளின் சங்கம் லிட்டன் பிரபு தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. அந்த இரவில் ஜப்பானியப் படை செய்தது நியாயமான தற்காப்பு ஆகாது என்று அக்குழு எழுதியது. ஜப்பானுக்கு அங்கே சிறப்பான நலன்கள் உண்டு என்பதையும் அதே மூச்சில் எழுதியது. 1933 பிப்ரவரி 24 அன்று 42 நாடுகள் அறிக்கையை ஏற்க, ஜப்பான் ஒன்றே எதிர்க்க, சயாம் வாக்களியாமல் ஒதுங்கிற்று. உயிர்நாடி என்று முழங்கிய அதே மட்சுவோக்கா அவையைவிட்டு வெளியேறினார். அதன்பின் சங்கம் செய்தது ஒன்றுமில்லை. அறிக்கையின் நடை செம்மையானது என்பதை மட்டும் நாம் சொல்லலாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு போலி நூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘டனாகா விண்ணப்பம்’ என்று ஒன்று 1929இல் சீனத்தில் வெளியாயிற்று. முதலில் மஞ்சூரியா, பிறகு சீனம், பிறகு உலகம் என்று ஜப்பான் வகுத்த திட்டமாக அது உலகெங்கும் படிக்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர் பெரும்பாலோர் அது புனையப்பட்டது என்ற முடிவுக்கே வந்துள்ளனர். அதை நம்பியோர் ஏன் நம்பினர் என்பது விளங்கக்கூடியதே. நடந்தவை அந்த வரிசையிலேயே நடந்தன. ஆனால் முதலிலிருந்து முடிவுவரை எழுதிவைத்த நாடகம் அங்கே இல்லை. ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சியின் சிக்கலை அவிழ்ப்பதற்காக எழுதப்பட்டது. ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிய சிக்கலைக் கட்டிற்று. திட்டமிட்ட கொடுமையைவிட இது நமக்கு அச்சம் தருகிறது.

1937 ஜூலை 7ஆம் நாள் இரவு, பீஜிங்கை அடுத்த லூகோவ் பாலத்தருகே ஒத்திகை நடத்திய ஜப்பானியப் படையில் ஒரு வீரனைக் காணவில்லை. அவன் சிறிது நேரத்தில் திரும்பிவிட்டான். திரும்பாதது சமாதானம். நான்கு நாட்களில் டோக்கியோ அரசு இதற்கு ‘வடசீனச் சம்பவம்’ என்று பெயரிட்டது. போர் ஷங்ஹாய்க்குப் பரவியதும், செப்டம்பர் 2 அன்று, ‘வட’ என்பதை நீக்கிச் ‘சீனச் சம்பவம்’ என்றது. நிலம் விரிய விரிய அடைமொழி மாறிற்று. ‘சம்பவம்’ மட்டும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? அக்காலத்து அமெரிக்க நடுநிலைச் சட்டம், போரிடும் நாடுகளுக்குப் படைக்கலம் விற்பதையும் கடன் கொடுப்பதையும் தடுத்தது. போர் என்று அறிவித்தால் அமெரிக்கச் சந்தை கைநழுவிப் போய்விடலாம். ஆகவே ஜப்பான் அறிவிக்கவில்லை. தனக்கும் ஆயுதம் வேண்டியிருந்ததால் சீனமும் அறிவிக்கவில்லை. சொல்லைக் காப்பாற்றிய காரணத்தால் எண்ணெயும் பழைய இரும்பும் தொடர்ந்து வந்தன. இங்கே ‘சம்பவம்’ மங்கல வழக்கு என்ற நிலையிலிருந்து வாணிகக் குறியீடாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவும் அந்தக் குறியீட்டை அறிந்தே விற்றது என்பதை மறந்துவிடலாகாது.

வாணிகத்தோடு நின்றிருந்தால் நாம் இத்தனை வன்மையாக எழுதமாட்டோம். 1937 ஆகஸ்டு 5 அன்று தரைப்படை அமைச்சகம் சீனத்திலிருந்த சேனைக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பிற்று. இது முறையான போர் அன்று. ஆகவே போர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை விதிகள் அனைத்தையும் அப்படியே கைக்கொள்ள வேண்டியதில்லை. ‘போர்க்கைதி’ என்ற சொல்லையும் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். போர் இல்லையேல் போர்க்கைதி இல்லை. போர்க்கைதி இல்லையேல் அவனைக் காக்கும் சட்டமும் இல்லை. நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பர் 13ஆம் நாள், நான்ஜிங் வீழ்ந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதூக்கி நின்ற ஆயிரமாயிரம் வீரர்கள் யாங்சி ஆற்றங்கரையில் கொல்லப்பட்டனர். ஊர் மக்களும் பெண்களும் பட்டது எழுதுகோலுக்கு அடங்காது. பின்னர் டோக்கியோவில் கூடிய தீர்ப்பாயம் இறந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்றது. சீன அரசு மூன்று இலட்சம் என்கிறது. இத்தனையும் ஒரு சொல்லால் மட்டும் நிகழ்ந்தது என்று கூறுவது மிகை. ஆனால் கதவைத் திறந்துவைத்த கைகளுள் அச்சொல்லும் ஒன்று.

தலைநகரம் விழுந்தால் சீனம் பணியும் என்று எதிர்பார்த்தனர். அது பணியவில்லை. 1938 ஜனவரி 16 அன்று பிரதமர் கொனோயே, இனிச் சீனத் தேசிய அரசோடு தாம் எவ்விதத் தொடர்பும் கொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார். இதைவிட விந்தையான அறிக்கை உலக அரசியலில் அரிது. எதிரியின் இருப்பையே மறுத்துவிட்டால் யாரோடு உடன்படிக்கை செய்வது? போருக்குப் பெயர் மறுத்தவர்கள் எதிரிக்கும் பெயர் மறுத்தார்கள். தொடக்கம் அறிவிக்கப்படாததற்கு முடிவை அறிவிக்கும் வழி இல்லாமற் போயிற்று. 1940இல் வாங் ஜிங்வேயைக் கொண்டு நான்ஜிங்கில் வேறோர் அரசை நிறுவி, அதனோடு தாமே உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். சொக்கட்டான் ஆட்டத்தில் இரு பக்கமும் ஒருவரே காய் நகர்த்தியது போலாயிற்று அது.

படைகளோ சீனப் பரப்பில் பரவிக் கிடந்தன. அவற்றுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1939 கோடையில் மங்கோலிய எல்லையில் சோவியத் படையிடம் பெருந்தோல்வி கண்டதால் (அதற்கும் ‘நொமொன்ஹான் சம்பவம்’ என்றே பெயர்) வடக்கே செல்லும் ஆசை தணிந்தது. ஐரோப்பாவில் ஹிட்லர் பிரான்சையும் ஹாலந்தையும் வீழ்த்தியதால், தெற்கே இந்தோசீனாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் காவலற்றுத் தெரிந்தன. 1940 செப்டம்பரில் வட இந்தோசீனாவிலும், 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவிலும் படை நுழைந்தது. இந்த நுழைவுக்குச் ‘சென்று தங்குதல்’ என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தனர். விருந்தினர் வந்து தங்குவது போல! இம்முறை அமெரிக்கா அச்சொல்லை ஏற்கவில்லை. ஜப்பானிய உடைமைகள் முடக்கப்பட்டன. ஆகஸ்டு தொடக்கத்தில் எண்ணெய் நின்றது. சீனத்தைவிட்டு வெளியேற வேண்டும், இன்றேல் சுமத்திராவின் எண்ணெய்க் கிணறுகளைப் பறிக்க வேண்டும் என்ற இரண்டே வழிகள் எஞ்சின. நான்கு ஆண்டுகளாகப் ‘போரே இல்லை’ என்று சொல்லிவந்தவர்கள், அந்தப் போரில் மாண்ட தம் வீரர்களின் பெயரால் வெளியேற மறுத்தனர்.

1941 செப்டம்பர் 5 அன்று அரண்மனையில் நடந்த ஓர் உரையாடலைக் கொனோயே தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். தெற்கே போர் மூண்டால் எத்தனை நாளில் முடியும் என்று பேரரசர் கேட்டார். மூன்று மாதம் என்றார் படைத் தலைமையதிகாரி சுகியாமா. சீனச் சம்பவம் ஒரு மாதத்தில் முடியும் என்றும் நீர்தாமே சொன்னீர், நான்காண்டு கழிந்தும் முடியவில்லையே என்றார் பேரரசர். சீனத்தின் உள்நாடு மிகப் பரந்தது என்று சமாதானம் சொன்னார் சுகியாமா. அப்படியானால் பசிபிக் கடல் அதனினும் பரந்ததன்றோ என்று கேட்ட பேரரசருக்கு விடை வரவில்லை. பதினைந்து ஆண்டுக் காலத்து அரசுச் சொற்கள் அனைத்திலும் உண்மையோடு ஒட்டிய சொல் இந்த ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்டவரே டிசம்பர் மாதம் போர்ப் பிரகடனத்தில் முத்திரை வைத்தார்.

அந்தப் பிரகடனத்தை முந்தையவற்றோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். 1894இல் சீனத்தின்மீதும், 1904இல் ரஷ்யாவின்மீதும் போர் அறிவித்த அரச ஆணைகளில், சர்வதேசச் சட்டத்துக்கு மாறுபடாத வகையில் போரிட வேண்டும் என்ற வாசகம் இருந்தது. 1941ஆம் ஆண்டு ஆணையில் அது இல்லை. ‘ஹத்ஃபு’ என்பது அரபுப் புலவர் போற்றும் உத்தி. சொல்லாமல் விடுவதும் ஒரு சொல்லாட்சியே என்பர். அந்த ஆணையில் மிக உரத்துப் பேசுவது அவ்வாறு விடப்பட்ட வாசகமே. அந்நாளிலேயே நடுநிலை நாடான தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் ஜப்பானியப் படை கரையிறங்கிற்று. கிளந்தான் சீமையின் கோத்தபாருக் கடற்கரையிலோ, முத்துத் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னரே சண்டை மூண்டுவிட்டது. பெரும்போரின் முதல் குருதி ஹவாயில் சிந்தியதாகவே நம் பாடநூல்கள் கூறுகின்றன. அது சிந்தியது மலாய்க்காரர்களின் மீன்பிடிக் கரையில்.

அடுத்த நாள், டிசம்பர் 9 அன்று, சீன அரசு ஜப்பானின்மீது முறைப்படி போர் அறிவித்தது. டிசம்பர் 12 அன்று ஜப்பானிய அமைச்சரவை கூடி, நடக்கும் போருக்குப் ‘பெருங் கிழக்காசியப் போர்’ என்று பெயர் சூட்டி, சீனச் சம்பவமும் அதில் அடங்கும் என்று தீர்மானித்தது. லூகோவ் பாலத்தில் பிறந்த குழந்தைக்கு நான்கரை ஆண்டு கழித்துத்தான் பெயர் வைத்தார்கள். அதற்குள் அது எத்தனை பேரை விழுங்கியிருந்தது!

புதுப் பெயரோடு புது மங்கலங்களும் வந்தன. எட்டுத் திக்கையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்தல் என்ற முழக்கம், ‘பெருங் கிழக்காசியக் கூட்டுச் செழுமை மண்டலம்’ என்ற அமைப்பு. ஆசியா ஆசியருக்கே என்றனர். ஆனால் 1943 மே 31 அன்று பேரரசர் முன்னிலையில் நிறைவேறிய இரகசியத் தீர்மானத்தில் மலாயா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ, செலிபீஸ் ஆகியவை ஜப்பானிய ஆட்சிப் பகுதிகளாகவே வைத்துக்கொள்ளப்பட்டன. எண்ணெயும் இரப்பரும் உள்ள மண்ணுக்குக் கூட்டுச் செழுமையில் கூட்டு மட்டும் இல்லை. நவம்பரில் டோக்கியோவில் கூடிய கிழக்காசிய மாநாட்டில் இந்தோனேசியருக்கோ மலாய்க்காரருக்கோ இருக்கை இல்லாததும் இதனாலேயே. தவ்ரியாவின் இலக்கணம் இங்கே முற்றும் பொருந்துகிறது: அருகிலிருந்த பொருள் விடுதலை, தொலைவிலிருந்த பொருள் பாலெம்பாங்கின் எண்ணெய்.

முஸ்லிம்களைக் கவரவும் முயன்றனர். டோக்கியோப் பள்ளிவாசல் 1938 மே மாதம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே முன்னாள் பிரதமர் ஜெனரல் ஹயாஷி தலைமையில் ஜப்பானிய முஸ்லிம் சங்கம் ஒன்றும் தோன்றிற்று. அதே அரசு ஜாவாவுக்கு வந்தபின், டோக்கியோ அரண்மனை இருக்கும் திக்கை நோக்கி இடுப்பை வளைத்து வணங்குமாறு அனைவரையும் பணித்தது. இது மரியாதையே, வழிபாடன்று என்று விளக்கமும் தந்தது. சொல்லை எப்படி மாற்றினாலும் உடல் வளைவது ருகூஉ தான் என்று மார்க்க அறிஞர்கள் கண்டுகொண்டனர். தெபுஇரங் மதரசாவின் பெரியவர் கியாய் ஹாஷிம் அஷ்அரி மறுத்து, 1942இல் சில மாதம் சிறையிருந்தார். மேற்கு ஜாவாவின் சிங்கபர்ணாவில் 1944 பிப்ரவரியில் கியாய் ஜைனல் முஸ்தபா தம் மாணவரோடு எதிர்த்தெழுந்து, பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சொல்லின் மெய்ப்பொருளை உயிர்கொடுத்து உரை எழுதியவர் அவர்.

‘ரோமுஷா’ என்ற பெயரில் உழைக்கக் கொண்டு செல்லப்பட்டோரின் கதை நம்மவர்க்கு நெருங்கியது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் செல்லப்பட்டனர். காய்ச்சலாலும் காலராவாலும் மாண்ட ஆசியத் தொழிலாளரைத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுவர். வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களில் மிகப் பலருக்கு அதுவும் இல்லை. படை முகாம்களில் அடைக்கப்பட்ட கொரிய, சீன, ஜாவானியப் பெண்களை ‘ஆறுதல் மகளிர்’ என்றனர். யாருக்கு ஆறுதல் என்று கேட்டாலே அந்தச் சொல் கிழிந்துவிடும்.

தோற்கத் தொடங்கியபோதும் சொற்கள் தோற்கவில்லை. 1943 பிப்ரவரியில் குவாடல்கனாலிலிருந்து ஓடியதைத் ‘திரும்பி முன்னேறுதல்’ என்றனர். அவ்வாண்டு மே மாதம் அட்டுத் தீவில் படை முழுதும் அழிந்ததை ‘மணி நொறுங்கல்’ என்று வருணித்தனர். பச்சை மாணிக்கக்கல் சிதறுவதை நினைவூட்டும் பழஞ்சீன வழக்கு அது. தனித்து நோக்கினால் அழகிய உருவகந்தான். பட்டினியால் செத்த பிள்ளைகளின் தாயரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். 1945 ஆகஸ்டு 15 அன்று வானொலியில் ஒலித்த அரச ஆணையில் ‘சரணடைதல்’ என்ற சொல்லே இல்லை. போர்நிலை ஜப்பானுக்கு அனுகூலமாக அமைந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை என்ற கருத்தே இருந்தது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாகி இரண்டு வாரங்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்நாள் இன்றும் ஜப்பானில் ‘போர் முடிந்த நாள்’ என்றே வழங்குகிறது. தோற்ற நாள் என்று வழங்கவில்லை.

இந்த வித்தை ஜப்பானியரின் தனிச்சொத்து என்று எண்ணிவிடலாகாது. 1947, 1948ஆம் ஆண்டுகளில் விமானமும் டாங்கியும் கொண்டு இந்தோனேசியக் குடியரசின்மீது பாய்ந்த டச்சுக்காரர் அதற்குக் ‘காவல் நடவடிக்கை’ என்று பெயரிட்டனர்.

ஜப்பானுக்குள்ளேயே இச்சொற்களை எதிர்த்தவர்கள் உண்டு. வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ, பாடநூல் தணிக்கையை எதிர்த்து 1965இல் தொடுத்த வழக்குகளின் வரிசை 1997 வரை நீண்டது. ‘படையெடுப்பு’ என்பதை ‘முன்னேற்றம்’ என்று மென்மையாக்கச் சொல்கிறார்கள் என்ற செய்தியால் 1982இல் சீனமும் தென் கொரியாவும் கொதித்தெழுந்தன. 1956இல் சுருமி ஷுன்சுகே, 1931 முதல் 1945 வரை நிகழ்ந்ததெல்லாம் ஒரே போர் என்று கூறி அதற்குப் ‘பதினைந்தாண்டுப் போர்’ என்று பெயரிட்டார். ஆண்டுகளை எண்ணிச் சொல்லும் எளிய பெயர். உருவகம் இல்லை, அடைமொழி இல்லை. சீனக் கல்வி அமைச்சகமும் 2017இல், பாடநூல்களில் எட்டாண்டுப் போர் என்றிருந்ததைப் பதினான்காண்டுப் போர் என்று திருத்தப் பணித்தது.

ஆயினும் சீனரும் அந்த முதல் இரவைச் ‘செப்டம்பர் 18 சம்பவம்’ என்றே இன்றும் கூறுகின்றனர். ஜப்பானியர் ‘ஜிஹென்’ என்று எழுதிய அதே இரண்டு எழுத்துகள் சீனர் மொழியிலும் உள்ளவை. இடத்துக்கேற்பச் சொல்லின் பொருள் அமையும் என்று அணிநூலார் கூறுவது இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கே அச்சொல் எதையும் மறைப்பதில்லை. ஷென்யாங் நகரில் ஆண்டுதோறும் அந்நாளில் அபாயச் சங்கு ஊதுகிறது. ஊர்திகள் நின்று ஒலியெழுப்புகின்றன.